பூக் கேட்காமல் கடல் தாண்டினேன்

நான் அந்தப் பொய்யைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். குலதெய்வக் கோயிலுக்கு வெளியே மொபெட்டை நிறுத்திவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பின்னால் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

"பூக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேனுங்க."

"என்ன வந்துச்சு?"

"வெள்ளைங்க."

 சரி, அப்படியென்றால் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் மனை வாங்குவதோ, கிணறு வெட்டுவதோ, பெண் கொடுப்பதோ, எதுவானாலும் முதலில் பூக் கேட்போம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துப் பூசாரி சாமி காலடியில் வைப்பார். கற்பூரம் காட்டி முடித்ததும் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுப்பார். பிரித்துப் பார்த்து வெள்ளை என்றால் சாமி சம்மதம். சிவப்பு என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். திருப்பிக் கேட்கக் கூடாது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனைக்குச் சிவப்பு வந்தது. ஆசைப்பட்ட மனைதான், ஆனாலும் விட்டுவிட்டோம். அதை வாங்கியவர்கள் இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பூதான் எல்லாம். செவப்பு வந்தா செவப்புத்தான் என்பார். அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

அன்றைக்குப் பூசாரி ஒரு சாவுக்காகச் சேலம் போயிருந்தார். சாயங்காலம் வந்துவிடுவார், உட்காருங்கள் என்று அவர் சம்சாரம் சொன்னாள். உட்கார்ந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதான் விமானம். நடுவில் சனிக்கிழமை முழுசாக இருந்தது. ஆனால் பூசாரி இல்லை என்று கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை என்னால் யாரிடமும் சொல்ல முடியாது. கொண்டுபோன பூவைப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பயம் என்ன என்றால், மகள். ஒரே மகள். திருச்செங்கோட்டிலேயே இன்ஜினியரிங் படித்துவிட்டு, மலேசியாவில் பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போய் நான்கு வருடம். அங்கே கூட வேலை செய்கிற ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். சிவப்பு வந்தால் அவள் அப்பா முடியாது என்பார். முடியாது என்றால் அவள் சண்டை போடமாட்டாள். ஊருக்கு வருவதை நிறுத்திக்கொள்வாள். வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒரு போன், பிறகு பொங்கலுக்கு ஒரு போன் என்று குறைந்துபோவது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

சாதிப் பேச்சும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். எங்கள் ஊரில் வேறு சாதியில் பக்கத்து ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சீனன் என்றால் அவனை எந்தப் படியில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. மேலேயா கீழேயா என்று சனம் குழம்பிப்போகும். அந்தக் குழப்பம் ஒன்றுதான் எனக்கிருந்த தைரியம்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிறந்த ஊர் எடப்பாடி. பதின்மூன்று வயதில் விசைத்தறிப் பட்டறையில் நூலைக் குழலில் தார் சுற்ற உட்கார்ந்தேன். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆனால் எங்கேயாவது ஒரு நூல் அறுந்தால் சத்தம் மாறும். அதற்காகவே காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பட்டறையை விட்டு இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. காது மட்டும் இன்னும் எங்கே அறுகிறது என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். சிலிண்டரை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவள் தனியாக விமானம் ஏறினேன்.

திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் வேறு விமானம் மாற வேண்டும். அம்மா தொலைந்துபோவாள் என்று பயந்து மகள் எனக்கு வீல்சேர் சொல்லி வைத்திருந்தாள். வீல்சேரில் உட்கார்ந்தால் தள்ளுகிறவர்களே சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அம்மா யாரிடமும் வழி கேட்க வேண்டாம் என்றாள். திருச்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதே எனக்கு வியர்த்தது. காலில் ஒரு குறையும் இல்லாதவள். சாமி பேரைச் சொல்லி ஒரு பொய், இப்போது காலைச் சொல்லி ஒரு பொய். தள்ளிக்கொண்டு வந்த பெண், முட்டி வலியாம்மா என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே இரண்டு முட்டியும் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தன. பாஸ்போர்ட் இருக்கிற பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோலாலம்பூர்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பினாங்கில் இறங்கியதும் பெட்டி வரவில்லை. மறுநாள்தான் வந்தது. முதல் குறி என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை. எங்கள் வெயில் அடிக்கும். அந்த வெயில் ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி மேலே ஒட்டிக்கொண்டது. மரமெல்லாம் கழுவி விட்டதுபோல் இருந்தது. நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். அணை நிறைந்திருக்கும்போதும் எதிர்க்கரை மலை தெரியும், மனசுக்கு ஒரு பிடிமானம் இருக்கும். அங்கே காரில் போகும்போது ஒரு பக்கம் கடல் வந்தது. நான் ஜன்னலை மூடச் சொன்னேன். மகள் சிரித்தாள். "அது ஒண்ணும் உள்ள வராதும்மா. வெசனப்படாம உக்காரு."

அவள் வீடு பத்தொன்பதாவது மாடி. அந்தப் பயம் வேறு.

மறுநாள் காலையில் பழைய டவுனுக்குக் கூட்டிப் போனாள். ஒரே தெருவில் மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல், அதைத் தாண்டிச் சீனக் கோயில். ஊதுபத்தி, மீன், தேங்காய்ப் பால், சாக்கடை எல்லா வாசனையும் ஒன்றாக வந்தது. முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தியும் சீனக் கிழவர் ஒருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். பாஷை புரியவில்லை, ஆனால் கிண்டல் என்று தெரிந்தது. பூக்கடை அம்மா தமிழில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலையில் சாப்பிட்டாயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்களாம். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. ஒரு தள்ளுவண்டியில் இடியாப்பம் விற்றார்கள். அதற்குப் புத்து மாயாம் என்று பெயர். தேங்காய்ப் பூவும் பனஞ்சர்க்கரை மாதிரி ஒன்றும் தூவிக் கொடுத்தார்கள். விற்றவர் முகத்தைப் பார்த்து எங்கள் ஆள் என்று நினைத்துத் தமிழில் பேசினேன். அவர் மலாயில் பதில் சொன்னார். யார் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஊர். எங்கள் ஊரில் ஒருவர் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

நடைபாதையில் வாசலுக்கு வாசல் தரையோடு தரையாகச் சிவப்புப் பெட்டி மாதிரி சின்னச் சின்னச் சாமி மாடங்கள் வைத்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம், ஊதுபத்தி, தேநீர்க் கிண்ணம். மகள் எதையோ காட்ட, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு மாடத்தை மிதித்துவிட்டேன். கிண்ணம் உருண்டது.  குனிந்து தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடைக்காரக் கிழவர் வெளியே வந்து, பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுக் கிண்ணத்தை நிமிர்த்திப் புதிதாகத் தேநீர் ஊற்றினார். அவருக்கு அது அதோடு முடிந்துவிட்டது. எனக்கு அது இரண்டாவது குறி.

பையனை அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அதிகம் பேசாதவன். வந்ததும் என் காலைத் தொட்டான். மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள். தொட்ட விதத்தில் செருப்பு அளவு பார்க்கிறவன் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய நேரம், வரவில்லை. நல்லவனாகத் தெரிந்தான். அதுதான் எனக்குப் பயம். கெட்டவனாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம், பூவைப் பற்றிய பேச்சே வந்திருக்காது.

மகள் அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்றேன். நம் சாமி வெள்ளைப் பூக் கொடுத்துவிட்டது என்று இவனுக்கும் இவன் அம்மாவுக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்றாள். அவள் அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் சொன்ன ஒரு வார்த்தை சத்தீஸ்கருக்குப் போய், அங்கிருந்து பினாங்குக்கு வந்து, எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் பையனின் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். புருஷன் இல்லாதவர். பையனைத் தனியாக வளர்த்தவர். காலையில் ஒரு சாப்பாட்டுக் கடைத் தொகுதியில் நூடுல்ஸ் விற்கிறார். நூடுல்ஸில் பன்றிக் கறி போடுவார்கள் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ராத்திரியெல்லாம் எனக்கு அந்தக் கறிச் சட்டியே ஞாபகம். சாப்பிட மாட்டேன் என்றால் அவமானம். சாப்பிட்டால் ஊருக்குப் போய் எந்த முகத்தோடு கோயில் படி ஏறுவது?

கதவைத் திறந்ததும் அந்த அம்மா தமிழில், "வா வா. மழை வருது, உள்ள வா" என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் அப்பா கெடா மாநிலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிட்டார். நான் வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டுப் பேச, அவர் மகளைப் பார்த்து, உங்க அம்மா பேச்சுக்குப் பின்னாலே ஏதோ வால் இருக்குது என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

சமைத்த சட்டியை அவரே கொண்டுவந்து காட்டினார். புதுச் சட்டி. ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட முழுசாகக் கிழிக்கவில்லை. "பாரு, புதுசு. இன்னிக்குப் பதினஞ்சாம் நாள். நானும் சைவம்" என்றார். சீன மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கறி தொடமாட்டாராம். எங்கள் அமாவாசை, பௌர்ணமிதான் அது. காளானும் சோயாவும் கீரையும் செய்திருந்தார். உப்பு கம்மி. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், கோயிலுக்குப் போகலாம் வா என்றார். உன் சாமி சரி சொல்லிவிட்டது, இன்றைக்கு என் சாமியைக் கேட்க வேண்டும், நீயும் கூட நின்று பார் என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் செருப்பை மாட்டினேன்.

கோயில் இரண்டு தெரு தள்ளி. முற்றத்தில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புகை. அந்த அம்மா ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ரொம்ப நேரம் சொன்னார். என்ன சொல்கிறார் என்று பையனிடம் மகளை விட்டுக் கேட்டேன். பேர், வயசு, வீட்டு விலாசம், எத்தனாவது மாடி என்பதுவரை சொல்கிறாராம். சாமி வேறு யாருக்கோ பதில் சொல்லிவிடக் கூடாதல்லவா. அது எனக்கு நியாயமாகப் பட்டது. பிறகு இரண்டு மரத் துண்டுகளைக் கையில் எடுத்தார். பிறை நிலா வடிவம், சிவப்புச் சாயம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மேடாக விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறது. சம்மதம் மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் செல்லும்.

போட்டார். இரண்டும் தட்டை. சாமி சிரித்தது.

மறுபடியும் போட்டார். மறுபடியும் சிரித்தது. என் பக்கத்தில் மகள் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை இரண்டும் மேடாக விழுந்தன. டக் டக் என்ற அந்தச் சத்தம். இதற்குமேல் குறி என்ன வேண்டும் என்று நினைத்தேன். பூக் கேட்காமல் ஏமாற்றி வந்தவளை வேற்று நாட்டுச் சாமிகூடக் கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் அந்த அம்மா பயந்த மாதிரி தெரியவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, ஓரத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கணக்கு உதைத்தால் பிள்ளைகள் யோசிக்குமே, அப்படி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் தப்பாக் கேட்டேன். ரெண்டு பேரும் எப்பவும் நல்லா இருப்பாங்களா கேட்டேன். சாமி சிரிக்குது. அது சாமி வேலை இல்ல, அவங்க வேலை."

திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டேன். ஏன் கேட்கக் கூடாது, கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும் என்றார். எழுந்து போய், இந்தப் பெண்ணை என் வீட்டுப் பெண்ணாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். பையன் மகளுக்குச் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள். ஒன்று தட்டை, ஒன்று மேடு. மறுபடியும் அதே. மூன்றாவது போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் என் தோளை அமுக்கிய அமுக்கலில் சம்மதம் என்று தெரிந்தது.

அந்த அம்மா முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "உன் சாமிகிட்ட நீ என்ன கேட்ட? அது எப்படிச் சொல்லுச்சு? சொல்லு."

சொல்லியிருக்கலாம். இலையில் மடித்தோம், வெள்ளை வந்தது என்று சொன்னால் முடிந்துவிடும். அவர் மூன்று முறை தோற்று, உட்கார்ந்து யோசித்து, எழுந்து கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கேக்கவே இல்லைங்க" என்றேன்.

மகளுக்குப் புரியவில்லை. என்னம்மா சொல்கிறாய் என்றாள். பூசாரி ஊரில் இல்லை, நான் காத்திருக்கவில்லை, அப்பாவிடம் வெள்ளை என்று பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. பையனுக்கு விஷயம் தெரியவில்லை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன் கேக்கல?" என்றார் அந்த அம்மா.

"செவப்பு வந்துருமோன்னு பயமுங்க. வந்தா இவங்கப்பா முடியாதுன்னுருவாரு. இவ எங்களுக்கு இல்லாமயே போயிருவா."

அந்த அம்மா மரத் துண்டுகளை எடுத்த இடத்தில் வைத்தார். கோபமாகத் தெரியவில்லை, சந்தோஷமாகவும் தெரியவில்லை. அப்படியென்றால் இது இன்னும் பாதிதான் என்றார். உன் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல், அவருக்குத் தெரியாமல் நான் பெண் எடுக்க மாட்டேன் என்றார்.

மகள் முற்றத்துக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"செவப்பு வந்திருந்தாலும் நான் இவனத்தான் கட்டியிருப்பேன்மா" என்றாள், திரும்பாமலே. "அத அப்பாகிட்டச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான் உன்னைய வரச்சொன்னேன். நீ அதுக்கு மேல பயந்தாங்கொள்ளியா இருக்கற."

கோயில் வாசலிலிருந்தே போன் செய்தேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம், கம்ப்ரஸர் ஓடவில்லை. சத்தம் இல்லாததால் எதையும் மழுப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"சாமி பேரச் சொல்லி எங்கிட்டயே பொய் சொன்னியா?" என்றார். கத்தவில்லை. அது கத்தினதைவிட மோசமாக இருந்தது. வைத்துவிட்டார்.

இரண்டு நாள் போன் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எனக்குத் திரும்பும் விமானத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மகள் வேலைக்குப் போய்விடுவாள். பத்தொன்பதாவது மாடியில் உட்கார்ந்து, கப்பல்கள் நகராமல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பூசாரிக்குப் போன் போட்டுப் பூக் கேட்கச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அங்கே இல்லாமலே கேட்கலாம், பேரைச் சொன்னால் போதும். இந்நேரம் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். சிவப்பு வந்திருக்கும், அதனால்தான் போனை எடுக்கவில்லை. இரண்டு நாளில் அந்தச் சிவப்புப் பூவை நான் ஆயிரம் முறை பார்த்திருப்பேன். அந்த அம்மா தினமும் கடை முடிந்து வரும்போது எனக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் வாழை இலையில் மடித்த அரிசிப் பலகாரம். போன் வந்ததா என்று மட்டும் கேட்பார். வரவில்லை என்றால், ம் என்பார்.

மூன்றாம் நாள் மகளுக்குத்தான் போன் செய்தார். அவள் என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, பூக் கேட்டீங்களா?" என்றேன். 

"பூசாரிக்குப் போன எடுத்தேன். ரெண்டு தடவ. பேச மனசு வரல" என்றார். பிறகு இருமினார். "செவப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னு நீதான் பயந்தீன்னு நெனச்சேன். எனக்கும் அதேதான். பூக் கேக்கலீன்னா பொறவு பையனக் கண்ணாலதான் பாக்கோணும். நான் வாரேன்."

ஆப்பிரிக்காவுக்கு ரிக் வண்டி போனபோது தானும் போகலாம் என்று முன்னே எடுத்து வைத்த பாஸ்போர்ட் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. என் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். அவர் ராய்ப்பூரிலிருந்து ஊருக்கு வந்து, திருச்சி வந்து, விமானம் ஏறுகிறவரை நான் தூங்கவில்லை. அவருக்கு யார் வீல்சேர் சொல்வது, சொன்னாலும் உட்காருகிற ஆளா?

வந்து சேர்ந்தார். கோலாலம்பூரில் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை, கூட்டம் போன பக்கம் போனேன் என்றார்.

மறுநாள் அந்த அம்மாவின் கடைக்குப் பக்கத்து மேசையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். விசிறி சுற்றியும் புழுங்கிற்று. என் வீட்டுக்காரர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டான், மறுபடி கழற்றினான். குடிப்பாயா என்று கேட்டார். எப்போதாவது பீர் என்றான். இவளை இதைவிடத் தூரமான நாட்டுக்குக் கூட்டிப் போவாயா என்றார். வேலை அப்படி வந்தால் போக வேண்டியிருக்கும் என்றான். மகள் ஒவ்வொன்றையும் மாற்றிச் சொன்னாள்.  நான் மேசைக்கு அடியில் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். இவனுக்கு ஒரு பொய்யாவது சொல்லத் தெரியக் கூடாதா என்றிருந்தது.

கடைசியில், "எம்புள்ளைய நல்லா வெச்சுக்குவியான்னு கேளு சாமி" என்று மகளிடம் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பையனாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு, வெச்சுக்குவேனுங்க மாமா என்று உடனே சொல்லியிருப்பான். இவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னான். மகள் அதை மாற்றிச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்கிறான் என்று அவர் கேட்டார்.  நூடுல்ஸ் சட்டிக்குப் பக்கத்திலிருந்து அந்த அம்மாதான் சொன்னார்.

"தெரியாது சொல்றான். ஆனா பாடுபடுவேன் சொல்றான்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன். மேசையில் கிடந்த தண்ணீரை விரலால் இழுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"போர் போடப் போற எடத்துல, கண்டிப்பாத் தண்ணி வருமான்னு கேப்பாங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "வரும்னு அடிச்சுச் சொல்றவங்கூட நான் ஒருக்காலும் தொழில் பண்ணுனதில்ல."

மகள் அதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டாள். அவள் மூக்கு சிவந்துவிட்டது. அவர் அந்த அம்மாவைப் பார்த்து, தை மாசம் உங்களால கடையை நாலு நாள் மூட முடியுமுங்களா என்று கேட்டார்.

முடியும், உன் ஊருக்கு எத்தனை பேர் வரலாம் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். நான் எங்கள் ஊர்ச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது, யார் முகத்தைத் திருப்புவார்கள், யார் வராமலே இருப்பார்கள். இருந்தாலும், பத்துப் பேருக்கு மேல் வந்தால் எங்கள் வீட்டில் படுக்க இடம் இருக்காதுங்க என்று சொல்லி வைத்தேன்.